மாமாவின் பாத்திரக்கடைக்கு எந்த ஃப்ரேம்வொர்க்?

போன வைகாசியில் ஒரே இட்லிக் கொப்பரைக்கு இரண்டு வீட்டாரிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டார் மாமா. ஒன்று சங்கரன்கோவிலுக்குள்ளேயே கல்யாணம், இன்னொன்று புளியங்குடிப் பக்கம் சடங்கு வீடு. இரண்டு பெயரும் நோட்டில் சரியாகத்தான் இருந்தன. ஒன்று 41-ஆம் பக்கத்தில், மற்றது 58-இல். கடைசி நேரத்தில் ராஜபாளையத்தில் வேறொரு கடையிலிருந்து கொப்பரை எடுத்து, வேன் வைத்து அனுப்பினார். வேன் வாடகையை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு மாவை வைத்துக்கொண்டு சமையல்காரர்கள் காத்திருந்ததுதான் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனி முடியும்போது எனக்கு போன் செய்தார். "தாயி, கடைக் கம்ப்யூட்டர்ல இதுக்கு ஒரு வழி பண்ண முடியுமா? ஆடியில நமக்கு வேலை கம்மி. ஆவணி மொத முகூர்த்தத்துக்குள்ள வேணும்."

ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆடித்தபசுக்கு அன்னதானம் போடுகிறவர்கள் அண்டாவும் தேக்சாவும் எடுப்பார்கள், அவ்வளவுதான். ஆக, எனக்கு ஒரு மாதம். கோயம்புத்தூரில் நான் பார்க்கும் வேலை முழுக்க ஜாவா மொழியும் அதன் ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க்கும் (வெப் நிரல் எழுத ஆயத்தமாகக் கிடைக்கும் சட்டகம்). அது பெரிய குழுவுக்கான சாமான். ஒரு கடைக்கு, ஒரு ஆள் சனி ஞாயிறுகளில் எழுதப்போகும் நிரலுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை. சின்ன ஃப்ரேம்வொர்க்குகளில் நான்கைந்தை எடுத்து, ஒவ்வொன்றிலும் இதே கடையின் ஒரு துண்டை எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று உட்கார்ந்தேன். அந்த ஒரு மாதத்தில் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக ஒன்றைத் தொடங்கப்போகும் யாருக்காவது உதவும்.

முதலில் கடைக்குப் போய் மாமா பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். வேண்டியது இதுதான்: என்னென்ன சாமான், ஒவ்வொன்றும் எத்தனை, யார், எந்த ஊர், எந்த நாளுக்கு, எவ்வளவு அட்வான்ஸ், போனது எத்தனை, திரும்பி வந்தது எத்தனை, எது நெளிந்தது, எது காணோம். கடையில் ஒரு கம்ப்யூட்டர், வைஃபையில் இரண்டு போன். முகூர்த்த நாளில்கூட எல்லாம் சேர்த்து நூறு முறை பக்கம் திறப்பார்களா என்பதே சந்தேகம். ஒரு நொடிக்கு எத்தனை ஆயிரம் கோரிக்கைகளைத் தாங்கும் என்ற ஒப்பீட்டுப் படங்களை அன்றைக்கே மூடி வைத்துவிட்டேன்.

அப்புறம் அந்தக் கம்ப்யூட்டர். விண்டோஸ் 7, நான்கு ஜிபி நினைவகம். பழைய ரசீது பிரிண்டரின் டிரைவரும், கடையில் தட்டச்சு செய்யும் அக்காவுக்குப் பழகிய பழைய தமிழ் எழுத்துருவும் அதில்தான் ஓடுகின்றன. ஆடி மாதத்தில் மாமாவிடம் புது மிஷின் வாங்கச் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. பணம் வராத மாதம் அது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. அதனால் அந்தப் பெட்டியை இணையத்தில் விடுவதில்லை, கடைக்குள் வைஃபையோடு சரி என்று முதலிலேயே முடிவு செய்தேன்.

இந்த ஒரு விஷயம் மொத்தக் கணக்கையும் மாற்றிவிட்டது. பைத்தான் 3.8-தான் விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பதிப்பு. கோ மொழியில் 1.20 கடைசி. சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோட்.ஜேஎஸ் (சுருக்கமாக நோட்) 14-இலிருந்து அந்தப் பக்கமே வராது. குரோம் 109-ஓடு நின்றது. எது புதியது, எது வேகமானது என்று படித்து வைத்திருந்ததில் பாதி எனக்கு உதவவில்லை. ஃப்ரேம்வொர்க் வாழப்போகும் மிஷினை முதலில் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பட்டியல் போட்டிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

சின்ன ஃப்ரேம்வொர்க்குகளுக்கு ஒரு வம்சாவளி உண்டு. 2007-இல் ரூபியில் பிளேக் மிசரனி எழுதிய சினாட்ரா, ஒரு முகவரிக்கு ஒரு துண்டு நிரல் என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. நோட் பக்கம் எக்ஸ்பிரஸ் அதைப் பார்த்து வந்ததுதான். பைத்தானில் 2009-இல் மார்செல் ஹெல்காம்ப் பாட்டிலை ஒரே கோப்பாக வெளியிட்டார். 2010 ஏப்ரல் 1 அன்று, இப்படி ஒரே கோப்பாக வரும் ஃப்ரேம்வொர்க்குகளைக் கிண்டல் செய்து ஆர்மின் ரோனாஹர் ஒன்றை முட்டாள்கள் தினத்துக்காக வெளியிட்டார். ஜனங்கள் அதை நிஜமாகவே விரும்பிவிட, அதே மாதத்தில் ஃபிளாஸ்க்காக அது பிறந்தது. இன்று பைத்தானில் வெப் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளில் பலர் தொடங்குவது அங்கேதான். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

எக்ஸ்பிரஸைச் சீக்கிரமே ஒதுக்கிவைத்தேன். ஐந்தாம் பதிப்பு 2024-இல் வந்தது. நான்காம் பதிப்பு வந்து பத்து வருடம் கழித்து. அவ்வளவு நாள் நிலையாக நின்ற ஒன்றின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஐந்துக்கு நோட் 18 வேண்டும், இந்தப் பெட்டியில் அது ஓடாது. நான்கைப் போட்டாலும் ஐம்பதுக்கு மேல் தொகுப்புகள் கூடவே வந்து இறங்குகின்றன. ஒவ்வொன்றும் சின்னதுதான், ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் பொறுப்பு. இணையமில்லாத கடையில் அத்தனையையும் பென் டிரைவில் சுமந்துபோய்ப் புதுப்பிக்கும் ஆளாக என்னை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஃபாஸ்ட்ஏபிஐ-யை அலுவலகத்தில் ஒரு வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறேன், ஆசையோடுதான் திறந்தேன். செபாஸ்டியான் ராமிரெஸ் 2018 டிசம்பரில் வெளியிட்டது. அடியில் ஸ்டார்லெட், பைடான்டிக் என்ற தொகுப்புகள் இரண்டும் இருக்கின்றன. என்ன வகைத் தரவு வரும் என்று ஒரு வகுப்பில் எழுதிவிட்டால் சரிபார்ப்பை அதுவே செய்யும், ஆவணப் பக்கத்தையும் அதுவே தரும். மொபைல் ஆப்புக்குப் பின்னால் நிற்கும் ஏபிஐ எழுதுவதென்றால் இன்றும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் மாமாவுக்கு வேண்டியது படிவமும் பக்கமும். படிவத்தை வாசிக்க பைத்தான்-மல்டிபார்ட் தனியாக, பக்கம் வரைய ஜின்ஜா தனியாக, உள்ளே வந்தவரை நினைவில் வைக்கும் செஷனுக்கு இட்ஸ்டேஞ்சரஸ் தனியாக, ஓட்ட யூவிகார்ன் தனியாக. அந்த அழகான ஆவணப் பக்கமும் கடையில் வெற்றாக நின்றது. அதன் ஸ்கிரிப்டும் ஸ்டைலும் இயல்பாக வெளியே உள்ள சிடிஎன் என்ற இணையக் கிடங்கிலிருந்து வருகின்றன, கடையில் இணையம் இல்லை. வேறொரு இடத்தில் நல்ல சாமான், இங்கே இடம் பொருந்தவில்லை.

கோ மொழிதான் என் மனதை அதிகம் இழுத்தது, அதை விட்டதில் இன்னும் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது. அங்கே ஃப்ரேம்வொர்க்கே தேவையில்லை. மொழியோடு வரும் நெட்-ஹெச்டிடிபி தொகுப்பு போதும். 2024 பிப்ரவரியில் வந்த 1.22-இல் எந்த முகவரிக்கு எந்த நிரல் என்று பிரித்துவிடும் அதன் ரூட்டரே இது பக்கத்தைக் கேட்கும் கெட் கோரிக்கை, இந்த இடத்தில் ஒரு மதிப்பு வரும் என்றெல்லாம் புரிந்துகொள்ளத் தொடங்கிவிட்டது. பக்கங்கள், படங்கள், ஸ்டைல் எல்லாவற்றையும் உள்ளே வைத்து ஒரே எக்ஸிஇ கோப்பாக முடித்துவிடலாம். பென் டிரைவில் ஒரு கோப்பு, இரட்டைக் கிளிக், கடை ஓடும். 2012-இல் கோ 1 வந்தபோது கொடுத்த வாக்கை, அதாவது அன்று எழுதிய நிரல் பின்னாலும் தொகுக்கப்படும் என்பதை, அவர்கள் காப்பாற்றி வருகிறார்கள். ஐந்து வருடம் யாரும் தொடப்போவதில்லை என்று தெரிந்த ஒரு வேலைக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

ஆனால் விண்டோஸ் 7-க்கு 1.20-தானே! புது ரூட்டர் கிடையாது. அதற்கு முன் எல்லோரும் நாடிய ரூட்டர் தொகுப்பான கொரில்லா மக்ஸ் 2022 டிசம்பரில் பராமரிக்க ஆளில்லாமல் பூட்டப்பட்டு, மறு வருடம் புதுப் பராமரிப்பாளர்களோடு திறந்தது. சி (chi) என்ற சின்னத் தொகுப்பை எடுத்திருக்கலாம், எடுத்தும் பார்த்தேன், நன்றாகவே ஓடியது. என்னை நிறுத்தியது வேறொன்று. மாமாவின் மகள் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கடையில் இருக்கப்போவது அவள், நான் இல்லை. அவளுக்குப் பைத்தான் கொஞ்சம் தெரியும். எக்ஸிஇ-யைக் கொடுத்துவிட்டு வந்தால், ஒரு கட்டம் சேர்க்கவேண்டும் என்றாலும் அவள் எனக்குத்தான் போன் செய்யவேண்டும். நோட்பேடில் திறந்து, திருத்தி, சேமித்து, மறுபடி ஓட்டுகிற வழி அவளுக்கு வேண்டும்.

ஆக ஃபிளாஸ்க்கா, பாட்டிலா?

ஃபிளாஸ்க்கோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 2022-இல் ஒரு தோழியின் டியூஷன் சென்டருக்கு ஃபீஸ் கணக்கு எழுதிக் கொடுத்தேன், ஃபிளாஸ்க் 2.2-இல். தொகுப்புப் பட்டியலில் ஃபிளாஸ்க்கின் பதிப்பை மட்டும் எழுதியிருந்தேன். அதன் அடியில் நிற்கும் வெர்க்சாய்க்கின் பதிப்பை எழுதவில்லை. 2023 செப்டம்பர் கடைசியில் வெர்க்சாய்க் 3.0 வந்தது. ஃபிளாஸ்க் 2.2 தனக்குக் குறைந்தபட்சம் எந்த வெர்க்சாய்க் வேண்டும் என்று சொல்லியிருந்ததே தவிர, எதுவரை போகலாம் என்று சொல்லவில்லை. அந்த அக்டோபரில் சர்வரை மாற்றிப் புதிதாக நிறுவியபோது, வெர்க்சாய்க்கில் யுஆர்எல்-கோட் என்ற பெயர் இல்லை என்று சொல்லி மொத்தமும் எழவே இல்லை. சரியாக ஃபீஸ் கட்டும் வாரம். பிள்ளைகளின் பெற்றோர்கள் வரிசையில் நிற்க, தோழி கையால் ரசீது எழுதினாள். சரி செய்ய எனக்கு ஒரே வரி போதுமாக இருந்தது. அந்த வரியைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம். அன்றிலிருந்து எந்தத் திட்டத்திலும் அடிவரை எல்லாத் தொகுப்புகளின் பதிப்பையும் உறையவைத்துவிட்டுத்தான் ஒப்படைக்கிறேன். ஃபிளாஸ்க்கோடு ஆறு தொகுப்புகள் வரும்: வெர்க்சாய்க், ஜின்ஜா, மார்க்அப்சேஃப், இட்ஸ்டேஞ்சரஸ், கிளிக், பிளிங்கர். விண்டோஸும் பழைய பைத்தானும் சேர்ந்தால் இன்னும் இரண்டு மூன்று கூடும்.

பாட்டிலோடு எதுவும் வராது. ஒரே பைத்தான் கோப்பு, நாலாயிரம் வரிக்கு மேல். பைத்தானின் சொந்த நூலகத்தைத் தவிர வேறெதையும் கேட்காது. ரூட்டிங், வார்ப்புரு, குக்கி, நிலைக்கோப்பு எல்லாம் அதற்குள்ளேயே. திட்டத்தின் அடைவில் அந்தக் கோப்பைப் போட்டு வைத்தால் நிறுவுதல் என்ற வேலையே இல்லை. தொகுப்புகளை இறக்கி நிறுவும் பிப் வேண்டாம், இணையம் வேண்டாம். 0.13 பதிப்பு 2024-இல்தான் வந்தது. பதினைந்து வருடமாகியும் பதிப்பெண் ஒன்றைத் தொடவில்லை. எதையும் சாராதது என்றாலும் பைத்தானைச் சார்ந்துதான் இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். பழைய 0.12 கோப்பு பைத்தானின் சிஜிஐ தொகுப்பை அழைக்கும். பைத்தான் 3.13 அந்தத் தொகுப்பையே எடுத்துவிட்டது. பழைய பாட்டிலை எங்கோ போட்டு மறந்தவர்கள் பைத்தானைப் புதுப்பிக்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதத் தொடங்கிய முதல் மாலையே பாட்டில் என்னைத் தடுக்கி விழவைத்தது. சாமான் சேர்க்கும் படிவத்தில் 'அண்டா' என்று எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தது, தலையில் குறி முளைத்த ரோமன் எழுத்தும் விநோதச் சின்னங்களுமாகப் பதினைந்து. 'அண்டா'வில் ஐந்து யூனிகோட் குறிகள் இருக்கின்றன: அ, ண, புள்ளி, ட, துணைக்கால். யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் மூன்று பைட். ஐமூன்று பதினைந்து, கணக்கு சரிதான். பைத்தானின் வெப் சர்வர் இடைமுகம் பைட்டுகளை, பைட்டுக்கு ஓர் எழுத்து என்ற லத்தீன்-1 எழுத்துகளாகத்தான் கொடுக்கவேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது, பாட்டில் 0.13 படிவ மதிப்புகளை அப்படியே கையில் தந்துவிடுகிறது. அதே பொருளில் கெட்-யூனிகோட் என்று ஒரு வழி உண்டு, அப்படிக் கேட்டால் ஒழுங்காகத் தமிழ் வரும். ஆங்கிலத்தில் மட்டும் சோதிக்கிறவர்களுக்கு இந்தப் பள்ளம் கண்ணிலேயே படாது. ஃபிளாஸ்க் இதை ஒரு வார்த்தை சொல்லாமல் சரியாகச் செய்யும். இந்த ஒரு காரணத்துக்காகவே அன்று இரவு ஃபிளாஸ்க்குக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன்.

இதனால்தான் சொல்கிறேன்: புது ஃப்ரேம்வொர்க்கைச் சோதிக்க ஹலோ வேர்ல்டு எழுதாதீர்கள். 'கொப்பரை' என்று ஒரு படிவத்தில் எழுதி, சேமித்து, தேடி, வரிசைப்படுத்திப் பாருங்கள். அரை மணி நேரத்தில் உங்களுக்கு வேண்டியது தெரிந்துவிடும்.

கொப்பரையை வைத்தே எனக்கு இரண்டாவது பாடமும் கிடைத்தது. அக்கா பழைய எழுத்துருவில் எக்செல்லில் வைத்திருந்த சாமான் பட்டியலை ஒரு மாற்றிக் கருவியில் போட்டு யூனிகோடாக்கி ஏற்றினேன். திரையில் 'இட்லிக் கொப்பரை' தெளிவாகத் தெரிகிறது. போனில் 'கொப்பரை' என்று தேடினால் இல்லை என்கிறது. காரணம், ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் என்று இரண்டு குறியாக. கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. மாற்றிக் கருவி இரண்டாகக் கொடுத்திருந்தது, போனின் விசைப்பலகை ஒன்றாகக் கொடுக்கிறது. உள்ளே வரும் எல்லா எழுத்தையும் ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் தீரும். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் இது மொழியோடு வருகிறது. கோ மொழியில் அவர்களுடைய கூடுதல் தொகுப்பை இழுக்கவேண்டும்.

வரிசைப்படுத்துவதில் இன்னொரு கதை. வாடிக்கையாளர்களை ஊர்வாரியாகக் காட்டினேன். களப்பாகுளத்துக்குப் பின்னால் கழுகுமலை வந்தது, பனவடலிசத்திரத்துக்குப் பின்னால் பருவக்குடி. அத்தை பார்த்ததுமே "இது என்ன, மாத்திப் போட்டிருக்கு?" என்றார். யூனிகோட் அட்டவணையில் ள முந்தி, ழ பிந்தி. ன என்பது ந-வுக்குப் பக்கத்தில். நம் நெடுங்கணக்கில் வ, ழ, ள, ற, ன என்று போகும். பதிவுகளைச் சேமிக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளம் குறியெண்ணைத்தான் ஒப்பிடும், நெடுங்கணக்கு அதற்குத் தெரியாது. இங்கே நோட் உண்மையிலேயே ஒரு படி மேலே நிற்கிறது: தமிழ் வரிசை அதோடேயே வருகிறது, ஒரு வரியில் முடிந்துவிடும். பைத்தானின் சொந்த நூலகத்தில் அப்படி இல்லை. நான் முப்பது வரியில் ஒரு அட்டவணை எழுதினேன். உயிர், மெய், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், புள்ளி வைத்தது அகரத்துக்கு முந்தி. பெயரைச் சேமிக்கும்போதே வரிசைச் சாவியையும் தனிக் கட்டத்தில் சேமித்துவிடுகிறேன்.

சாமான் பட்டியலையும் அதே ஆர்வத்தில் அகரவரிசைப்படுத்தியபோது மாமா வேண்டாம் என்றார். அவர் கேட்டது வண்டியில் ஏறும் வரிசை. அண்டா, கொப்பரை, தேக்சா, அப்புறம் வாளிகள், கரண்டிகள், பந்திப்பாய், ஜமுக்காளம், கடைசியில் உடையக்கூடாத பன்னீர்ச்செம்பும் குத்துவிளக்கும். ஏற்றுகிறவர் சீட்டைப் பார்த்துக்கொண்டே மேலிருந்து கீழே போகலாம். அதற்கு ஒரு எண் கட்டம் போட்டேன். அந்தச் சீட்டைப் பார்த்து மாமா தலையாட்டிய பிறகுதான் இது அவருடைய கடைக்கான நிரல் என்று எனக்கே பட்டது.

பாட்டிலின் இன்னொரு தொந்தரவு கடையில்தான் தெரிந்தது. கம்ப்யூட்டரில் குரோம் திறந்திருந்தால் போனில் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். குரோமை மூடினால் உடனே வரும். வைஃபை மேல் பழி போட்டு ஒரு மதியம் வீணானது. பாட்டில் இயல்பாக ஓட்டுவது பைத்தானோடு வரும் ஒரு எளிய சர்வர். ஒரு நேரத்தில் ஒரு இணைப்பைத்தான் கவனிக்கும். குரோமோ, பின்னால் தேவைப்படும் என்று ஒரு வெற்று இணைப்பை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொள்கிறது. சர்வர் அதன் வாயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுகிறது. வெயிட்ரஸ் என்ற சர்வரைப் போட்டேன். முழுக்கப் பைத்தானில் எழுதியது, விண்டோஸில் ஓடும், இயல்பாகவே நான்கு இழைகள், அதாவது ஒரே நேரத்தில் நான்கு கோரிக்கைகளைக் கவனிக்கும். அடைவைக் காப்பி செய்து வைத்தால் போதும். ஃபிளாஸ்க் எடுத்திருந்தாலும் இதேதான் செய்திருக்கவேண்டும், ஏனென்றால் எல்லோரும் சொல்லும் கூனிகார்ன் விண்டோஸில் ஓடாது.

இவ்வளவும் செய்து முடித்த பிறகும், மாமா கேட்ட வேலையை எந்த ஃப்ரேம்வொர்க்கும் எனக்குச் செய்து தந்திருக்கவில்லை. ஒரே கொப்பரை இரண்டு வீட்டுக்குப் போகக்கூடாது. முகூர்த்தம் ஒரு நாள்தான். கொப்பரை வெளியே இருப்பது மூன்று நாள். முந்தின நாள் மதியம் போகும், மறுநாள் கழுவி வரும். அடுத்தடுத்த நாளில் இரண்டு முகூர்த்தம் வந்தால் அது ஒரே கொப்பரைக்கான சண்டைதான். ஆக, கேட்கவேண்டிய கேள்வி: இந்த நாளிலிருந்து அந்த நாள் வரை, எந்த நாளிலாவது கையிருப்பைவிட வாக்கு அதிகமாகிறதா?

அதையும் எண்ணிப் பார்த்துவிட்டு எழுதினால் போதாது. மாமா கம்ப்யூட்டரில் பதிகிறார், அதே நொடி அத்தை போனில் பதிகிறார். இருவருக்கும் ஒரு கொப்பரை மிச்சம் என்று எண்ணிக்கை வரும், இருவரும் எழுதிவிடுவார்கள். நோட்டில் நடந்த அதே தவறு வேகமாக நடக்கும். பைத்தானின் எஸ்க்யூலைட் தொகுப்பு, எழுதும் கட்டளை வரும்போதுதான் தானாகப் பரிவர்த்தனையை, அதாவது ஒரே மூச்சில் முடியவேண்டிய வேலைத் தொகுதியை, தொடங்கும். எண்ணிப் பார்ப்பது அதற்கு வெளியே நின்றுவிடும். நான் அந்தத் தானியங்கியை அணைத்துவிட்டு, எண்ணுவதற்கு முன்பே 'பிகின் இம்மீடியட்' கொடுத்து எழுதும் பூட்டை வாங்கிவிடுகிறேன். இரண்டாவது ஆள் கண்ணிமைக்கும் நேரம் காத்திருப்பார், பிறகு கொப்பரை இல்லை என்று சரியான பதில் பெறுவார். நாற்பது வரி. ஒரு மாதத்தில் நான் எழுதியதில் அந்த நாற்பது வரியைத்தான் இருபது தடவை படித்துப் பார்த்தேன்.

கரண்ட் போவதைப் பற்றி மாமா பயந்தார். பாதிப் பதிவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று அவர் எதிரிலேயே பிளக்கைப் பிடுங்கிக் காட்டினேன், மூன்று தடவை. எஸ்க்யூலைட் முழுதாக எழுதும், இல்லையென்றால் எழுதவே எழுதாது. மாலை கடை சாத்தும்போது பென் டிரைவில் ஒரு நகல் போகிறது.

ஃபிளாஸ்க்கை விட்டுவிட்டுப் பாட்டிலோடு நின்றதற்குக் காரணம் கடைசியில் மாமாவின் மகள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு உட்கார்ந்து அந்த ஒற்றைக் கோப்பைத் திறந்தோம். படிவத்திலிருந்து எழுத்து எப்படி வருகிறது, கெட்-யூனிகோட் என்ன செய்கிறது என்று வரிவரியாகப் போனோம். "மதினி, இவ்வளவுதானா? இதுக்குள்ள வேற ஒண்ணும் ஒளிஞ்சிருக்கலையே?" என்று கேட்டாள். ஃபிளாஸ்க்கிலும் படிக்கலாம், நல்ல நிரல்தான், ஆனால் வெர்க்சாய்க்குள் போய், அங்கிருந்து இன்னொன்றுக்குள் போய், அவள் பாதியில் விட்டிருப்பாள். குக்கியைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை சொல்லி வைத்தேன். பாட்டிலின் கையொப்பமிட்ட குக்கி (உலாவியில் வைக்கும் சின்னக் குறிப்பு), பிரிக்கும்போது உள்ளே ஒளிந்த நிரலையும் ஓட்டிவிடக்கூடிய பைத்தானின் பிக்கிள் வடிவத்தைப் பயன்படுத்துகிறது. ரகசியச் சாவி வெளியே போனால் ஆபத்து பெரிது. அதனால் சாவி தனிக் கோப்பில், யாருக்கும் அனுப்பக்கூடாது.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ஏழு வீடு. ஏழுக்கும் சீட்டு அச்சாகி, வண்டி ஏறி, மறுநாள் திரும்பி வந்தது. அன்று சாயங்காலம் மகளிடமிருந்து ஒரு படம் வந்தது: திரும்பி வந்த சாமான் பக்கத்தில் 'நெளிசல்' என்று ஒரு புதுக் கட்டம். நான் 'சேதாரம்' என்று ஒரே கட்டமாக வைத்திருந்தேன். நெளிந்தால் தட்டி எடுத்துவிடலாம், அதற்குக் கூலி மட்டும்; உடைந்தால்தான் விலை. அதைப் பிரித்து, அட்டவணையில் கட்டம் சேர்த்து, வார்ப்புருவில் எழுதி, கெட்-யூனிகோடும் மறக்காமல் போட்டிருந்தாள். என்னிடம் கேட்கவில்லை.

மாமா நோட்டை இன்னும் நிறுத்தவில்லை. கார்த்திகை வரை இரண்டிலும் எழுதுவோம் என்றிருக்கிறார். கடைக்கு வெளியே இருக்கும்போதும் போனில் பார்க்கவேண்டும் என்று இப்போது கேட்கிறார். அதற்கு விண்டோஸ் 7 போகவேண்டும். மார்கழி பிறந்ததும் லினக்ஸ் போட்ட ஒரு சின்னப் பெட்டி வாங்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். புதுப் பைத்தானோடு அப்போது ஃபிளாஸ்க்குக்கு மாறலாமா என்று அவள் கேட்டாள். அவளையே இரண்டிலும் கொப்பரைப் பக்கத்தை எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.